கப்பலில் பந்தி: முதல் தடவை போகிறவர்களுக்கு ஒரு சமையல்காரன் சொல்வது

கும்பகோணத்தில் 32 வருடம் கல்யாண சமையல் காண்ட்ராக்ட் எடுத்தவன் நான். முதல் பந்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே, ரசம் மூன்றாம் பந்திவரை வருமா என்று அண்டாவை எட்டிப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தது. அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு, சிங்கப்பூரில் இருக்கும் மகன் எங்களை அங்கே வரவழைத்து ஒரு கப்பலில் ஏற்றிவிட்டான். சிங்கப்பூரில் கிளம்பி, பினாங்கு, புக்கெட் போய், நாலு ராத்திரி கழித்துத் திரும்ப சிங்கப்பூர். மகன், மருமகள், ஏழு வயதுப் பேரன், நாங்கள் இரண்டு பேர். ஊர் திரும்பியதிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பது மூன்றே கேள்வி. சோறு கிடைக்குமா, பாத்ரூம் எப்படி, எல்லாமே ஃப்ரீயா. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவைக்கிறேன்.

நாங்கள் போன கப்பலின் பெயர் வேண்டாம். சில இடத்தில் முணுமுணுக்கப்போகிறேன், பெரும்பாலும் தப்பு எங்கள் பக்கம்தான். அளவு தெரிய வேண்டுமானால், சிங்கப்பூரிலிருந்து ஓடியிருக்கும் ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ் என்ற கப்பல் 347 மீட்டர் நீளம். ஜெர்மனியில் பாப்பன்பர்க் என்ற ஊரில் கட்டி 2019-ல் கடலுக்கு வந்தது. அதே கப்பல் கட்டும் தளத்தில் 2016-ல் கட்டியது கெண்டிங் ட்ரீம், அது 335 மீட்டர். அறைக்கு இரண்டு பேர் என்று கணக்குப் போட்டாலே முதலாவதில் 4,200 பேருக்கு மேல், இரண்டாவதில் 3,300 பேருக்கு மேல். வேலை செய்கிறவர்கள் தனி. என் ஆயுசில் நான் போட்ட பெரிய கல்யாணம் 3,500 இலை, அதுவும் ஒரே ஒரு நாள். இவர்கள் தினமும், வேளைக்கு வேளை, நடுக்கடலில் போடுகிறார்கள். மறந்துபோன உப்பை வாங்கி வர ஆள் அனுப்ப முடியாத இடத்தில்.

எது டிக்கெட்டில் சேர்த்தி, எது தனிக் காசு

எங்களுக்கு டிக்கெட் போட்ட ஏஜென்ட் "எல்லாம் இன்குளூடட் சார்" என்று மகனிடம் சொல்லியிருந்தார். அந்த வார்த்தையை நம்பி ஏறாதீர்கள்.

டிக்கெட்டில் சேர்ந்தது: பஃபே சாப்பாடு, மெயின் டைனிங் ரூம் என்கிற பெரிய சாப்பாட்டுக் கூடம், பீட்சா, சாண்ட்விச் கிடைக்கும் சின்ன கடைகள், குடிதண்ணீர், சாதாரண டீ காபி, காலையில் ஜூஸ். நீச்சல் குளம், ஜிம், தியேட்டர் நிகழ்ச்சிகள், பகல் நேரக் குழந்தைகள் கிளப் இவையும் பெரும்பாலும் சேர்த்தி.

தனிக் காசு: கோக் மாதிரி பாட்டில் பானங்கள், மது, மெஷினில் போடும் நல்ல காபி, தனி ரெஸ்டாரன்ட்கள், ஸ்பா, இன்டர்நெட், போட்டோ. ரூமுக்குச் சாப்பாடு வரவழைப்பதில் கப்பலுக்குக் கப்பல் விதி வேறு. சில இடத்தில் காலை பிரட், பழம் மட்டும் ஃப்ரீ, மற்றதற்கு டெலிவரி கட்டணம் உண்டு.

அப்புறம் டிப்ஸ். இது நம் ஊர்க்காரர்களைத் தூக்கிவாரிப்போடும் சங்கதி. பெரிய அமெரிக்க நிறுவனங்களின் கப்பல்களில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 அமெரிக்க டாலர் வரை தானாகவே கணக்கில் ஏறிவிடும். குழந்தைக்கும் உண்டு. ஐந்து பேர், நாலு ராத்திரி, நீங்களே பெருக்கிப் பாருங்கள். டிக்கெட் போடும்போதே கட்டிவிட்டால் கடைசி நாள் மனம் கசக்காது. சப்ளையர்கள், அறை சுத்தம் செய்கிறவர்கள், கண்ணில் படாத பாத்திரம் கழுவுகிறவர்கள் எல்லோருக்கும் பிரியும் காசு அது. கல்யாணத்தில் கடைசியாக எலை எடுத்தவனுக்குத் தனியாகக் கையில் வைத்தவன் நான், அதனால் இதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

கப்பலுக்குள் நோட்டு, சில்லறை எதுவும் செல்லாது. ஏறும்போது ஒரு அட்டை தருவார்கள். அதுதான் அறைச் சாவி, அதுதான் பணம். பின்னால் உங்கள் கிரெடிட் கார்டு இணைந்திருக்கும். கெண்டிங் ட்ரீமில் கணக்கு சிங்கப்பூர் டாலரில், ஸ்பெக்ட்ரம் மாதிரி ராயல் கரீபியன் நிறுவனத்துக் கப்பல்களில் அமெரிக்க டாலரில் ஓடும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, பார்த்த விலையை மனதுக்குள் தப்பான ரேட்டால் ரூபாயாகப் பெருக்காதீர்கள்.

குடிக்கிறவர்களுக்கு ஒரு வரி. ஒரு பீர் 8, 9 அமெரிக்க டாலர், அதன்மேல் 18 சதவீதம் சர்வீஸ். மொத்தமாகக் காசு கட்டிவிட்டுக் குடிக்கும் டிரிங்க் பேக்கேஜ் வாங்கலாமா என்றால், பல கப்பல்களில் ஒரே அறையில் இருக்கும் பெரியவர்கள் அத்தனை பேரும் சேர்ந்துதான் வாங்க வேண்டும். மனைவி மோர் குடிக்கிறவர் என்றால் அது நஷ்டக் கணக்கு.

முதல் நாள் மதியம்

கப்பல் சாயங்காலம் கிளம்பும், ஆனால் பதினொன்று, பன்னிரண்டு மணிக்கே ஆட்களை ஏற்றத் தொடங்கிவிடுவார்கள். அறை தயாராக ஒன்றரை, இரண்டு மணி ஆகும். ஏறிய 3,000 பேரும் கையில் பையோடு எங்கே போவார்கள்? பஃபேக்கு. முதல் நாள் மதிய பஃபே என்பது முகூர்த்தம் முடிந்ததும் சாப்பாட்டு ஹாலின் கதவைத் திறக்கிற நேரம் மாதிரி. நாற்காலிக்குப் பின்னால் ஆள் நின்றுகொண்டு நாம் எப்போது கை கழுவுவோம் என்று பார்ப்பார்கள். நாங்களும் அந்தக் கூட்டத்தில் போய் மாட்டி, ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அன்றைக்குக் கீழ்த்தளத்தில் ஒரு சின்ன கஃபேயும் பீட்சா கவுண்டரும் காலியாக ஈ ஓட்டிக்கொண்டிருந்ததைச் சாயங்காலம்தான் பார்த்தோம். நீங்கள் நேராக அங்கே போங்கள்.

பெரிய பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வந்துசேர மாலை ஆகும். மாத்திரை, பாஸ்போர்ட், கண்ணாடி, பேரனின் நீச்சல் டவுசர் இவற்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டதும் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிடுங்கள். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் கோஸ்டா கான்கோர்டியா பாறையில் மோதிக் கவிழ்ந்ததே, அதற்குப் பிறகு விதியை இறுக்கினார்கள். கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனோ எல்லோரும் இதைச் செய்தே ஆக வேண்டும். இப்போது பல கப்பல்களில் செல்போனிலேயே வீடியோ பார்த்துவிட்டு, நமக்கென்று ஒதுக்கிய இடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் போதும். ஏழு குட்டைச் சங்கு, ஒரு நீளச் சங்கு கேட்டால் அந்த இடத்துக்கு ஓட வேண்டும். பேரன் அதை வாயாலேயே ஊதி ஊதி நாலு நாளும் உயிரை எடுத்தான்.

பஃபேயா, டைனிங் ரூமா

பஃபே மேல்தளத்தில், ஜன்னலுக்கு வெளியே கடலோடு இருக்கும். காலைக்கும் மதியத்துக்கும் அது சரி. ராத்திரிக்கு டைனிங் ரூமுக்குத்தான் போக வேண்டும் என்பது என் கட்சி. அங்கே உட்கார வைத்துப் பரிமாறுகிறார்கள். நானே தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்பதை இந்த வயதில் விருந்து என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

டைனிங் ரூமில் முதல் பந்தி, ரெண்டாம் பந்தி உண்டு. அவர்கள் வேறு பெயர் சொல்வார்கள், விஷயம் அதுதான். முதல் பந்தி ஐந்தரை, ஆறு மணிவாக்கில். இரண்டாவது எட்டு மணிவாக்கில். நாலு நாளும் அதே மேஜை, அதே சப்ளையர். நேரம் பிடிக்காதவர்கள் இஷ்டப்பட்ட நேரத்துக்குப் போகும் ஏற்பாட்டையும் தேர்ந்தெடுக்கலாம். சின்னப் பிள்ளையோ சர்க்கரை உள்ளவரோ கூட இருந்தால் முதல் பந்தியை முன்பதிவிலேயே கேட்டு வாங்குங்கள். ஒரே மேஜை என்பதில் பெரிய லாபம், இரண்டாம் நாளே உங்கள் நாக்கு அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

மெனுவில் ஆரம்பம், நடு, இனிப்பு என்று மூன்று பகுதி. ஒவ்வொன்றிலும் ஒன்றுதான் எடுக்க வேண்டும் என்று நாங்கள் முதல் ராத்திரி பயந்து பயந்து சொன்னோம். அப்படி ஒரு கட்டுப்பாடும் இல்லை. இரண்டு சூப், மூன்று இனிப்பு கேட்டாலும் வைப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் மாற்றித் தருவார்கள்.

அந்த முதல் ராத்திரி மெனுவில் சைவத்துக்கு இருந்தது காய்கறிக் கறியும் நானும். இந்தியச் சாப்பாடு என்று கப்பலில் சொன்னால் பெரும்பாலும் வடக்கத்திச் சாப்பாடு. என் வீட்டம்மா இரண்டு வாய் பிட்டுப் போட்டுவிட்டுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் கோட்டுப் போட்ட மேற்பார்வைப் பையன் ஒருவர் மேஜைக்கு வந்தார். சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்துவிட்டு, "தம்பிக்கு எந்த ஊர்?" என்றேன்.

"நாகர்கோவில் பக்கம் ஐயா. அம்மா ஒண்ணுமே சாப்பிடலையே?"

"ரசம் கிசம் ஏதாவது கிடைக்குமா தம்பி?"

அவர் சிரித்தார். "இப்பப் போய்க் கேட்டா கிச்சன்ல கரண்டியத் தூக்கி எறிவாங்க ஐயா. நாளைக்கு ராத்திரிக்கு எத்தனை பேரு, என்ன வேணும்னு இப்பவே சொல்லுங்க. எழுதிக் குடுத்துடறேன்."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆனது. தலைக்கணக்கு முதல் நாளே சொல்லாத கல்யாண வீட்டுக்காரனிடம் எத்தனை தடவை நானே எரிந்து விழுந்திருக்கிறேன்! ஐந்து பேர், ரசம், வெறும் சாதம், உருளைக்கிழங்கு வதக்கல், தயிர் என்று சொன்னோம். மறுநாள் ராத்திரி சூப் வைக்கும் வெள்ளைக் கிண்ணத்தில், பக்கத்தில் ஸ்பூனோடு, ரசம் வந்தது. மேலே சீரகம் வெண்ணெயில் பொரிந்து மிதந்தது. பெருங்காயம் கிடையாது. கறிவேப்பிலை காய்ந்த இலை. ஆனால் மிளகு சரியாக விழுந்திருந்தது. சாதம் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்த அளவு, அதன் தலையில் ஒரு கொத்துமல்லித் தழை. என் வீட்டம்மா ரசத்தை முதலில் குடித்தார், அப்புறம் இன்னொரு கிண்ணம் கேட்டுச் சாதத்தில் ஊற்றிப் பிசைந்தார், கையால். பக்கத்து மேஜையில் இருந்த சீனப் பாட்டி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, தனக்கும் அது வேண்டும் என்று சப்ளையரிடம் கையைக் காட்டினார்.

அதனால் இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்: வேண்டியதை முதல் நாள் ராத்திரியே மேஜை மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். வெங்காயம் பூண்டு கூடாது, சர்க்கரை கூடாது, வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது, முட்டை கூடாது என்பதையெல்லாம் டிக்கெட் போடும்போதே எழுதிக் கொடுத்துவிட்டு, ஏறிய நாள் ஒரு தடவை வாயாலும் சொல்லுங்கள். "சைவம்" என்றால் பலருக்கு முட்டை சேர்த்திதான். கேக், நூடுல்ஸ் வாங்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டும். ஹலால் வேண்டுகிறவர்களும் கப்பலைத் தேர்ந்தெடுக்கும் முன்பே கேட்பது நல்லது. சில கப்பல்களில் அதற்குச் சான்று பெற்ற தனிச் சமையலே உண்டு.

தயிர் கவலை வேண்டாம். காலை பஃபேயில் சர்க்கரை போடாத தயிர் கண்டிப்பாக இருக்கும். ராத்திரி கேட்டாலும் கொண்டுவருவார்கள். சீல் உடைக்காத கடை ஊறுகாய், பருப்புப்பொடி பாக்கெட் கொண்டுபோவதில் பொதுவாகத் தடையில்லை. வீட்டில் கட்டிய புளியோதரைக்குத் தடை உண்டு, பொட்டலத்தோடு வாங்கிவிடுவார்கள். அதேபோல பஃபே பழத்தை மடியில் கட்டிக்கொண்டு துறைமுகத்தில் இறங்காதீர்கள், அந்தந்த நாட்டில் அபராதம்.

காபி. என்ன எழுதுவது? கும்பகோணத்துக்காரனிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. மெஷினிலிருந்து வருவது கறுப்பாக, சூடாக இருக்கும், அவ்வளவுதான். பால் ஜில்லென்று ஜாடியில் வைத்திருப்பார்கள், அதை ஊற்றினால் காபியும் செத்துவிடும். நான் கண்டுபிடித்த வழி, கவுண்டரில் நிற்கிறவரிடம் ஒரு கப் சூடான பால் மட்டும் தனியாகக் கேட்டு வாங்கி, கொண்டுபோன இன்ஸ்டன்ட் காபித்தூளை அதில் போடுவது. டிகிரி காபி ஆகாது. தலைவலி நின்றது.

தனி ரெஸ்டாரன்ட்கள் ஆளுக்கு 30 முதல் 60 டாலர் வரை கேட்கும். ஜப்பான்காரர்கள் கண்ணெதிரே இரும்புத் தட்டில் சமைக்கும் டெப்பன்யாக்கிக்கு மகன் கூட்டிப்போனான். சமைத்தவர் முட்டையைத் தொப்பிக்குள் போட்டுப் பிடித்தார். வேடிக்கை நன்றாக இருந்தது. நாலு ராத்திரிப் பயணத்தில் ஒரு தடவைக்கு மேல் இதற்கெல்லாம் அவசியமில்லை.

அடுப்படியைப் பார்த்தேன்

சில கப்பல்களில் அடுப்படியைச் சுற்றிக் காட்டுவார்கள். சிலவற்றில் இலவசம், எங்களுடையதில் காசு. மற்றவர்கள் ஸ்பாவுக்குப் போகட்டும், நான் இதற்குக் கொடுத்தேன்.

உள்ளே போனதும் முதலில் தேடியது நெருப்பை. இல்லை. கேஸ் கிடையாது, தீ நாக்கே கிடையாது. எல்லாம் கரண்ட் அடுப்பு. நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓட இடமில்லையே. கோட்டை அடுப்பில் புளிய விறகு வைத்து வளர்ந்தவனுக்கு அது ஏதோ ஆஸ்பத்திரி மாதிரி தெரிந்தது. தாளிப்பில் ஏன் அந்தப் புகை மணம் இல்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. காய்க்கு ஒரு நிறம், பச்சைக் கறிக்கு ஒரு நிறம், மீனுக்கு ஒரு நிறம் என்று வெட்டுப்பலகைகள். ஒன்றை இன்னொன்றுக்குத் தொட மாட்டார்கள். சைவக்காரர்கள் கொஞ்சம் நிம்மதி அடையலாம். பஃபேக்குப் போகும் தட்டு ஒவ்வொன்றுக்கும் வெளியே வைத்த நேரம் குறிக்கிறார்கள். சூடும் குளிர்ச்சியும் கட்டுப்பாட்டில் இல்லாமல் வெளியே வைத்த பண்டம் 4 மணி நேரம் தாண்டினால் குப்பைதான். மீந்த வடையை ராத்திரி மோர்க்குழம்பில் போடும் நம் வித்தை அங்கே நடக்காது.

இந்தக் கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்றால், அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களில் அந்த நாட்டின் சிடிசி என்ற சுகாதார அமைப்பு சொல்லாமல் ஏறிச் சோதிக்கும். நூற்றுக்கு மதிப்பெண். 85 வந்தால்கூட ஃபெயில், குறைந்தது 86 வேண்டும். அதைப் பார்த்துப் பழகிய நிறுவனங்கள் ஆசியாவிலும் ஏறக்குறைய அதே முறையில் நடத்துகின்றன. மிச்சத்தைக்கூட நினைத்த இடத்தில் கடலில் கொட்ட முடியாது. அரைக்காத சாப்பாட்டுக் கழிவைக் கொட்டக் கரையிலிருந்து 12 கடல் மைல் தாண்டியிருக்க வேண்டும், பிளாஸ்டிக்கை எங்கேயுமே கொட்டக் கூடாது என்பது உலகக் கடல் விதி.

கை கழுவும் விஷயத்தில் நாம்தான் ஒத்துழைக்க வேண்டும். கப்பலில் நோரோ வைரஸ் என்று ஒரு வாந்திபேதி பரவும். வாசலில் வைத்திருக்கும் ஜெல்லை மட்டும் தேய்த்தால் அது சாகாது, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பஃபே வாசலிலேயே குழாய் வரிசை இருக்கும். பரிமாறும் கரண்டியை எல்லோரும் தொடுகிறார்கள், அதனால் தட்டை எடுத்து வந்து வைத்துவிட்டு, இன்னொரு தடவை கழுவிவிட்டு உட்காருங்கள்.

குளம், கூத்து, குழந்தை

வசதிகளைப் பற்றி ஒன்று. கப்பல் நிறுவனத்தின் செயலியை வீட்டிலேயே போனில் ஏற்றிக்கொண்டு, முன்பதிவு திறந்த அன்றே தேவையானதைப் பிடித்துவிடுங்கள். ஸ்பெக்ட்ரமில் நார்த் ஸ்டார் என்று ஒரு கண்ணாடிக் கூண்டு, கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 90 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிக் காட்டும். காற்றடித்தால் நிறுத்திவிடுவார்கள். இந்த மாதிரி சமாசாரங்களைக் கடைசி நாளுக்குத் தள்ளிப்போட்டால் கிடைக்காது. தியேட்டர் நிகழ்ச்சிக்கும் இடம் பிடித்துவைக்க வேண்டியிருக்கும்.

நீச்சல் குளம் படத்தில் தெரிவதைவிடச் சின்னது. கடலில் நாள் முழுக்க ஓடுகிற அன்று அதில் காலை நனைக்கக்கூட இடமிருக்காது. துறைமுகத்தில் நிற்கிற நாள் எல்லோரும் இறங்கிப் போய்விடுவார்கள், அன்றைக்குக் குளம், பஃபே, ஜக்கூசி எல்லாம் உங்களுக்கே.

குழந்தைகள் கிளப் பெரிய உபகாரம். பகலில் காசில்லை, ராத்திரி பத்து மணிக்கு மேல் விட்டால் மணிக்கணக்கில் கட்டணம். பேரனை விட்டுவிட்டு மகனும் மருமகளும் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக நிம்மதியாக ஒரு சினிமா பார்த்தார்கள். ஆனால் பக்கத்திலேயே வீடியோ கேம் அறை இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பேரன் கையிலும் ஒரு அட்டை இருந்தது. அதைத் தேய்த்தால் மெஷின் ஓடும் என்று அவன் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொண்டான். 43 டாலர். ஏறிய அன்றே கவுண்டரில் போய், "பிள்ளையின் அட்டையில் செலவை நிறுத்துங்கள்" என்றால் நிறுத்திவிடுவார்கள். இதை நாங்கள் மூன்றாம் நாள் தெரிந்துகொண்டோம்.

மயக்கம் வருமா என்று கேட்கிறார்கள். மலாக்கா நீரிணையில் இருபக்கமும் நிலம், எங்களுக்கு ஆட்டமே தெரியவில்லை. புக்கெட் பக்கம் அந்தமான் கடலில் கொஞ்சம் தொட்டில் ஆட்டியது. தியேட்டர் கப்பலின் மூக்குப் பக்கம் இருந்தது, ஆட்டம் அங்கேதான் அதிகம். பாட்டு நடுவில் என் வீட்டம்மா என் கையைப் பிடித்து, "என்னங்க, எழுந்திரிங்க" என்றார். நடுத்தளத்துக்குக் கூட்டிவந்து உட்காரவைத்ததும் தெளிந்தது. அறை எடுக்கும்போதே நடுவில், கீழ்த்தளமாக எடுங்கள். அவோமின் மாதிரி மாத்திரையை டாக்டரைக் கேட்டுவிட்டு, ஆட்டம் தொடங்கும் முன்பே போட வேண்டும், தூக்கம் வரும். பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கெட்டும் கேட்டால் தருவார்கள், அது கப்பல்காரர்களின் பாட்டி வைத்தியம். கப்பலில் டாக்டர் உண்டு, கட்டணத்தைத் தீட்டிவிடுவார்கள். பயணக் காப்பீடு இல்லாமல் ஏறாதீர்கள்.

போனை ஏறியதும் ஃப்ளைட் மோடுக்கு மாற்றுங்கள். கடலில் கப்பலின் சொந்த நெட்வொர்க் பிடித்தால் பில் பயங்கரம்.

அறையும் பாத்ரூமும்

கழிப்பறையில் கழுவத் தண்ணீர்க் குழாய் கிடையாது, காகிதம்தான். வெட்கப்படாமல் ஒரு பிளாஸ்டிக் மக் கொண்டுபோங்கள். குளிக்கும் இடம் ஒரு ஆள் திரும்பும் அளவு. கழிப்பறை காற்றால் உறிஞ்சும் வகை, சத்தத்தில் முதல் தடவை குதித்துவிடுவீர்கள். காகிதத்தைத் தவிர எதையும் போடாதீர்கள், அடைத்தால் பக்கத்து அறைகளுக்கும் சேர்த்துக் கஷ்டம். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், கடல்நீரைச் சுத்திகரித்தது.

அறைச் சுவர் இரும்பு. காந்தக் கொக்கி நாலு வாங்கிப்போனால் ஈரத்துண்டு, பை, வேட்டி எல்லாம் தொங்கவிடலாம். இதை மருமகள் எங்கோ படித்துவிட்டு வாங்கி வந்தாள், நான் கிண்டல் செய்தேன், முதல் ராத்திரியே மூன்று கொக்கி எனக்குப் போயிற்று. இஸ்திரிப் பெட்டி, எலெக்ட்ரிக் கெட்டில், குட்டி ரைஸ் குக்கர், சர்ஜ் பாதுகாப்புள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டி எதுவும் கூடாது, தீ பயம். எங்கள் பெட்டியிலிருந்து கெட்டிலை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு ரசீது தந்தார்கள்.

துறைமுக நாளும் பட்டு வேட்டியும்

பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் துறைமேடை ஜார்ஜ்டவுன் நகரத்தை ஒட்டியே இருக்கிறது. டூர் எதுவும் வாங்க வேண்டாம். கால்மணி நடந்தால் லிட்டில் இந்தியா. குயீன் தெருவில் 1833-ல் கட்டிய மகாமாரியம்மன் கோவில். கும்பிட்டுவிட்டு வெளியே வந்து வாழை இலைச் சாப்பாடு. இரண்டு நாள் முள்கரண்டியோடு மல்லுக்கட்டிய பிறகு அந்த இலையில் தண்ணீர் தெளித்தபோது வந்த நிம்மதி இருக்கிறதே. புக்கெட்டில் கப்பல் பாதோங் விரிகுடாவில் தள்ளி நின்றுவிடும், சின்னப் படகில் கரைக்குக் கொண்டுபோவார்கள். முழங்கால் வலிக்காரர்கள் யோசித்து இறங்குங்கள். ஒன்று முக்கியம், சிங்கப்பூரை விட்டுப் போய்த் திரும்ப நுழைகிறோம் என்பதால் விசா பலமுறை நுழையும் வகையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊர்ச் சாப்பாடு இல்லாமல் முடியாது என்கிறவர்கள் சென்னையிலிருந்தே ஏறலாம். கார்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ் 2022 ஜூனில் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கியது, 2023-ல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கும் போனது. 1990-ல் கட்டிய கப்பல், சமையல் இந்தியச் சமையல், ஜெயின் சாப்பாடும் உண்டு. எந்தப் பருவத்தில் எந்த ஊர் என்பது மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு ராத்திரி எல்லோரும் கோட்டு சூட்டில் வர வேண்டும் என்று சீட்டு வந்தது. கோட்டு வாடகைக்கு எடுக்கலாமா என்று மகன் தவித்தான். அவரவர் நாட்டு விசேஷ உடை தாராளமாகச் செல்லும். நான் பட்டு வேட்டி சட்டை, என் வீட்டம்மா அறுபதாம் கல்யாணத்துத் திருபுவனம் பட்டு. அரைக்கால் சட்டையோடு போனால்தான் வாசலில் நிறுத்துவார்கள்.

கடைசி ராத்திரி

பெரிய பெட்டியை ராத்திரி பத்து, பதினோரு மணிக்குள் அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். அவர்கள் கீழே இறக்கிக் கரையில் வரிசைப்படுத்திவிடுவார்கள். நான் ஒழுங்காக எல்லாவற்றையும் மடித்து, பெட்டியில் வைத்துப் பூட்டி, வெளியே தள்ளிவிட்டுப் படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் இடுப்பில் இருக்கும் லுங்கி மட்டும்தான் பாக்கி. மகனின் பேன்ட் எனக்கு ஏறவில்லை. ஆக, மறுநாள் உடுத்தும் துணியைக் கைப்பையில் எடுத்துவைத்துவிட்டுத்தான் பெட்டியை மூடுங்கள்.

அன்றைக்குக் காலைச் சாப்பாடு சீக்கிரம் முடிந்துவிடும், எட்டு மணிக்குள் போய்விடுங்கள். கணக்குச் சீட்டை முதல் நாள் ராத்திரியே பார்த்து, சந்தேகமிருந்தால் அப்போதே கவுண்டரில் கேளுங்கள். காலையில் அங்கே நிற்கும் வரிசை கல்யாண வீட்டுத் தாம்பூலப்பை வரிசையைவிட நீளம்.

லுங்கியோடும் மருமகளின் சால்வையோடும் நான் இறங்கி, பறிமுதல் மேஜைக்குப் போய் ரசீதை நீட்டினேன். அந்த மேஜையில் ஒரு கடைக்குரிய சரக்கு இருந்தது. இஸ்திரிப் பெட்டிகள் ஒரு வரிசை, ரைஸ் குக்கர் இரண்டு, கெட்டில்கள் ஒரு டஜனுக்குக் குறையாது. ஒவ்வொன்றிலும் அறை எண் ஒட்டிய சீட்டு. எங்களுடையது மூன்றாவது வரிசையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தவர் லுங்கியையும் கெட்டிலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.